ஓ.பி. சீட்டுக்கு வரிசையா? செல்போனை எடுங்க!

அரசு மருத்துவமனைகளில் காலை நேரத்தில் நீளமான வரிசை பெரும்பாலும் ஓ.பி. சீட்டு கவுன்டரில்தான். பெயர், வயது, ஊர், செல்போன் எண் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டரில் பதிய நேரமாகிறது. அந்த வேலையை உங்கள் செல்போனே செய்துவிடும்.

இதற்குத் தேவை 14 இலக்க 'ஆபா' எண். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ் இது இலவசமாகத் தரப்படுகிறது. ஆபா செயலியில் ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஆதாருடன் இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் பதிந்தால் எண் தயார்.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவை:

1. கவுன்டர் அருகே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைச் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள்.
2. யாருக்குச் சிகிச்சையோ, அவருடைய பெயர் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. விவரங்களைப் பகிர ஒப்புதல் கொடுங்கள். டோக்கன் எண் வரும்.
4. அந்த எண்ணைக் கவுன்டரில் சொல்லி சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படியில் அவசரம் வேண்டாம். அம்மாவை அழைத்துப்போன மகன், தன் ஆபாவிலேயே ஸ்கேன் செய்துவிட்டால் சீட்டு மகன் பெயரில் விழும். அம்மாவின் சர்க்கரை அளவும் மாத்திரைகளும் மகன் கணக்கில் ஏறிவிடும். நாளைக்கு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று பார்க்கும் டாக்டருக்கு அந்தத் தகவல் கிடைக்காமல் போகலாம். எனவே வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆபா எடுங்கள். ஒரே செல்போன் எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்டோரின் ஆபாவை இணைக்கலாம்.

'என் நோயெல்லாம் ஊருக்கே தெரிஞ்சிடுமோ?' என்ற பயம் வேண்டாம். பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். இன்னொரு மருத்துவமனை அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஒப்புதல் வேண்டும். எந்தப் பதிவு, எத்தனை நாளைக்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பவும் பெறலாம். போனில் யார் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீங்க.

இன்னொன்று: ஆபா என்பது காப்பீட்டு அட்டை அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. ஆபா எடுத்ததாலேயே சிகிச்சைச் செலவு கிடைத்துவிடாது.

ஆபா எடுப்பது கட்டாயமும் அல்ல. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் எப்போதும்போல கவுன்டரில் விவரம் சொல்லிச் சீட்டு வாங்கலாம். கையில் போன் இருப்பவர்கள் ஸ்கேன் செய்து நகர்ந்தால், பின்னால் நிற்கும் அந்தப் பெரியவருக்கும் வரிசை சீக்கிரம் குறையும்.

சந்தேகம் இருந்தால் 14477 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.