உயிரணு உதிர்வும் நச்சுயிரிகளும்: ஒரு கலைச்சொல்லின் பொருத்தம்

உயிரணு இறக்கும் முறைகளுள் ஒன்றைத் தனித்துக் காட்டிய கெர், வைலி, கரி ஆகிய மூவரும் 1972ஆம் ஆண்டில் அதற்கு ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். இச்சொல்லைப் பரிந்துரைத்தவர் அபர்தீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் ஆவார். மரத்தினின்று இலையும் பூவினின்று இதழும் உதிர்வதையே அக்கிரேக்கச் சொல் குறிக்கும். பின்னர் ஆங்கிலப் பொதுவழக்கில் ‘உயிரணுத் தற்கொலை’ என்னும் உருவகம் பரவியது. அதனை அவ்வாறே தமிழாக்குவது நச்சுயிரிகளைப் பற்றிய பகுதிகளில் பொருளைத் திரித்துவிடுகிறது.

இவ்வகை இறப்பில் உயிரணு சுருங்கும்; அதன் டி.என்.ஏ. துண்டாகும், உயிரணு படலம் சூழ்ந்த சிறு கூறுகளாகப் பிரியும், அண்டை அணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். இதனைச் செய்து முடிப்பவை காஸ்பேஸ் என்னும் நொதிகள். நச்சுயிரி புகுந்த உயிரணு விரைந்து உதிர்ந்துவிட்டால் அதனுள் நச்சுயிரி பெருக இயலாது. எனவே பல நச்சுயிரிகள் உதிர்வைத் தள்ளிப்போடுகின்றன. பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோ நச்சுயிரியில் பி35 என்னும் மரபணு இப்பணியைச் செய்வது 1991இல் அறியப்பட்டது. அம்மரபணுவை இழந்த நச்சுயிரி புகுந்தபோது படைப்புழுவின் அணுக்கள் முன்னதாகவே மடிந்தன. மனிதப் பாப்பிலோமா நச்சுயிரியின் 16, 18ஆம் வகைகளில் இ6 என்னும் புரதம், உதிர்வைத் தூண்டும் பி53 புரதத்தைச் சிதைக்கச் செய்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இதுவும் ஒரு காரணமாகும்.

‘நச்சுயிரி உயிரணுவின் தற்கொலையைத் தடுக்கிறது’ என்று எழுதினால் நச்சுயிரி காப்பாளனாகத் தோன்றும். நோயாளிக்கான கையேட்டில் இது சிறு பிழையன்று. தற்கொலை என்னும் சொல்லில் செய்வோனும் அவனது எண்ணமும் அடங்கியுள்ளன. உயிரணுவுக்கு எண்ணம் ஏது? ‘உதிர்’ என்னும் வினைக்கோ இச்சுமை இல்லை. மேலும் அது ‘உதிர்ந்தது’ எனத் தன்வினையாகவும், ‘உதிர்த்தது’ எனப் பிறவினையாகவும் வரும். பாப்பிலோமா நச்சுயிரி உயிரணுவை உதிரவிடுவதில்லை. கோழிச் சோகை நச்சுயிரியோ அப்போப்டின் என்னும் புரதத்தால் தைமஸ் அணுக்களை உதிர்க்கிறது. இரு எதிர்நிலைகளுக்கும் ஒரே வேர் போதுமானதாகிறது.

அடினோ நச்சுயிரியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கத்தில் அது உயிரணுவை உதிரவிடாது காக்கும். பெருகி முடிந்தபின் வெளியேறுவதற்காக அதனை உடைக்கும். உடைதல் உதிர்தலன்று. இரண்டையும் ‘அழித்தல்’ எனப் பெயர்த்தால் மூலத்தின் கால வரிசை மறைந்துவிடும்.