விளங்கிற்றா என்னும் வினா

"விளங்கிற்றா, பிள்ளைகள்?" என்று வினவாத ஆசிரியர் இலர். "விளங்கிற்று ஐயா" என்று ஒருமித்து விடையிறுக்காத வகுப்பும் இல்லை. பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போதே அவ்விடையின் மெய்ம்மை புலனாகும். முப்பது ஆண்டுகளாக இவ்வினாவை வினவிவந்த யான் அதன் குற்றத்தை உணர்ந்தது அண்மையிலேதான். உணர்த்தியது ஒரு கைத்தொலைபேசி.

அகராதிச் செயலி ஒன்றிலே ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினேன். பொருள் தோன்றுமுன் ஐந்து நட்சத்திரங்கள் தோன்றி, தம்மை மதிப்பிடுமாறு வேண்டின. தடை நீங்கினாற் போதுமென்று ஐந்தையும் அளித்தேன். தேடிய சொல் அதில் இல்லை என்பதைப் பின்னரே கண்டேன். அன்று யானும் "விளங்கிற்று ஐயா" என்னும் மாணாக்கன் ஆனேன்.

இஃது என் ஒருவன் செயலன்று. யூரியூப் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் தம் தளத்து மதிப்பீடுகளை நோக்கியபோது, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஐந்து நட்சத்திரங்களாகவே இருக்கக் கண்டனர். எல்லார்க்கும் முதற்பரிசு எனின் பரிசினாற் பயன் யாது? மறு ஆண்டில் அம்முறையைக் கைவிட்டு, விருப்பு, வெறுப்பு என்னும் இரு குறிகளை வைத்தனர். அவையும் காரணம் கூறுவன அல்ல.

காரணம் அறியும் வழி யாது? கணினிக் கருவிகளின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், பாவனையாளர் சொல்வதை விடச் செய்வதை நோக்குக என்பார். ஒருவருக்கு ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் எழுவதை வாய்விட்டுக் கூறச் செய்து, அருகிலிருந்து வாளா நோக்குதல் வேண்டும். விரல் தயங்கும் இடத்திலே குறை உளது. ஐவரை இவ்வாறு நோக்கின் குறைகளுள் நூற்றுக்கு 85 அளவில் வெளிப்படும் என்று அவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். இக்கணக்கை மறுத்தோரும் உளர். ஆயினும், நட்சத்திரங்கள் ஆயிரம் கூறாததை அருகிருந்து நோக்கிய ஐவர் கூறுவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதெனச் சிறப்புப்பாயிரம் உரைக்கும். அவ்வாசான் புகழ்தற்கு அமர்ந்தவரல்லர். குற்றம் உளதாயின் காண்டற்கு அமர்ந்தவர். கருத்துக் கேட்போர்க்கு வேண்டுவது அத்தகைய செவியே.

இப்பொழுது யான் வகுப்பிலே "விளங்கிற்றா?" என்று வினவுவதில்லை. ஒரு செய்யுளைக் கொடுத்து, பொருள் எழுதச் சொல்லி, அருகே நிற்கிறேன். சென்ற கிழமை பின்வரிசை மாணவி ஒருத்தியின் எழுதுகோல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அது யான் ஆண்டுதோறும் விரைந்து கடந்துசென்ற இடம். குறை அவளதன்று.