சைக்கிள் டயரும் ரிம்மின் அகலமும்

நெய்த துணியைச் சங்கத்திற்குக் கொண்டுவரும் நெசவாளருக்கும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் விவசாயிக்கும் சைக்கிள் உற்ற துணையாகும். பாரத்தைத் தாங்குவது டயர். அந்த டயரைப் பிடித்து நிறுத்துவது ரிம். அச்சுக்குப் பொருந்தாத பாவு தறியில் ஓடாதது போல, ரிம்முக்குப் பொருந்தாத டயரும் ஒழுங்காக ஓடாது.

தற்கால டயர்களின் பக்கத்தில் இரண்டு எண்கள் சேர்ந்து பொறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டில் பழக்கமான 28 × 1½ டயருக்குரியது 40-635. இதில் 40 என்பது காற்றடைத்த டயரின் அகலம். 635 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு.

விட்டம் சிறிதும் மாறலாகாது. கடையில் “26” என்று மட்டும் கேட்பது போதாது. 26 × 1⅜ டயருக்கு விட்டம் 590; 26 × 1½ டயருக்கு 584; 26 × 1.75 டயருக்கு 559. ஒன்றின் ரிம்மில் மற்றொன்று அமராது.

அகலத்தில் சற்று இடமுண்டு. ரிம்மின் உட்சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலமுள்ள டயரைப் பூட்டுதல் நலம். 20 மில்லிமீட்டர் ரிம்முக்கு 30 முதல் 40 வரை பொருந்தும்.

குறுகிய ரிம்மில் மிக அகன்ற டயரைப் பூட்டினால், காற்றுக் குறையும்போது அது வளைவுகளில் பக்கவாட்டில் அசைந்தாடும், பாரமேற்றியவர் நிலைதடுமாறுவார். அகன்ற ரிம்மில் மிகக் குறுகிய டயரைப் பூட்டினால், கல்லில் ஏறும்போது டியூப் நசுங்கும், ரிம்மும் அடிபடும்.

ஆகவே, அங்கத்தினர்கள் டயர் வாங்கப் புறப்படுமுன் பழைய டயரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரிம்மையும் ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக. காற்பணச் செலவில்லாத இச்சிறு முயற்சி, வீண் செலவையும் விபத்தையும் தவிர்க்கும்.