முந்நூற்று அறுபத்தோராவது அருவி

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் மலைப்பாதையில் தியலும அருவி கண்முன்னே எழுந்து நிற்கும். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் அதன் எதிரே வாளா நிற்பதில்லை. “இலங்கையில் இரண்டாவது உயரம்; உலகில் 361 ஆவது” என்று ஒப்புவிப்பார். பிள்ளைகளும் குறித்துக்கொள்வர். பரீட்சைக்கு உதவுமல்லவா?

இந்த 361 என்னை நெடுநாளாக அலைக்கழித்து வருகிறது. முதலிடம் என்றால் விளங்குகிறது. வெனிசுவேலா நாட்டின் ஏஞ்சல் அருவி 979 மீற்றர். ஆனால் முந்நூற்று அறுபத்தோராம் இடம் என்பது எவ்வகைப் பெருமை? அப்படியானால் 360 ஆவது அருவி எந்நாட்டிலுள்ளது என்று கேட்டுப் பாருங்கள், சொன்னவர் விழிப்பார்.

உயரமேனும் உறுதியா என்றால் அதுவுமில்லை. 171 மீற்றர், இலங்கையில் மூன்றாவது என்கிறது ஒரு பயண நூல். 220 மீற்றர், இரண்டாவது என்கின்றன வேறு பல. அதே பாறை, அதே நீர். நடுவில் 49 மீற்றரைக் காணோம்! அருவியின் உயரம், அளப்பவர் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. செங்குத்தாக வீழும் பகுதியை மட்டும் கொண்டால் ஒரு கணக்கு. மேலே தடாகம் தடாகமாக இறங்கி வரும் படிகளையும் சேர்த்தால் இன்னொன்று. 2006 இல் பெரு நாட்டின் கொக்தா அருவியை 771 மீற்றர் என்று அறிவித்தனர். அவ்வூரார் காலங்காலமாக அறிந்த அருவிதான். “உலகில் மூன்றாவது” என்று பத்திரிகைகள் முழங்கின. பின்னர் அந்த இடத்தையும் பலர் மறுத்தனர். இவ்வாறு உயரமான அருவியொன்று புதிதாகப் பட்டியலில் ஏறுந்தோறும் கீழேயுள்ளவை ஒவ்வொரு படி இறங்கவேண்டும். நம் 361 மட்டும் பாறையைப் போல் அசையாதிருக்கிறது.

நிற்க. அருவியைப் பிழையாக அளந்தால் அருவிக்கு நட்டமில்லை. இதே கொஸ்லந்தைப் பக்கத்தில் மனிதரை எண்ணுவதிலும் ஒரு நாள் கணக்குத் தவறியது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர் எத்தனை பேர்? 100 என்றார்கள், காணாமற்போனோர் 300 என்றார்கள், பின்னர் 192 என்றார்கள். உலகமெங்கும் அவ்வெண்கள் அச்சேறின. இறுதியில் அரசின் கணக்கு 40 க்கும் குறைவாக வந்து நின்றது. எவரும் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் கருதவில்லை. பதிவிலுள்ள தொகையிலிருந்து கண்ணில் பட்டவரைக் கழித்தால் எஞ்சுபவர் காணாமற்போனோர். அந்தக் கழித்தலில், பள்ளிக்குச் சென்ற பிள்ளையும் மலையில் கொழுந்து பறிக்கப் போனவளும் கொழும்பில் கடைச் சிப்பந்தியாயிருக்கும் இளைஞனும் ஒருங்கே மண்ணுக்குள் போய்விடுவர். மறுபுறம், எந்தப் பதிவிலும் ஏறாதவர் புதைந்திருந்தாலும் எண்ணில் வரமாட்டார்.

இவ்வளவு குழப்பத்துக்கு முன்னால் தெளிவான விஞ்ஞானச் செய்தி ஒன்றும் இருந்தது. அவ்விடம் சரியக்கூடியது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அவ்விரண்டு ஆண்டுகளையும் நம்மில் எத்தனை ஆசிரியர் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்வித்தோம்? (என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.)

வியப்பு யாதெனில், தோட்டத்தில் எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆளைக் கணக்கெடுப்பர். கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்து, ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்தும் எழுதுவர். செக்றோலில் ஒரு நாட்பேர் தப்பாது. ஆயினும் அந்த ஏடு வேலைக்கு வந்த கைகளை மட்டுமே அறியும். காய்ச்சலில் லயத்துக் காம்பராவில் படுத்திருந்த கிழவியையும், ஏணையில் உறங்கிய குழந்தையையும் அது அறியாது.