தேன்மெழுகும் வர்ணச் சித்திரமும்

தேனடையைப் பிழிந்து தேனை எடுத்துக்கொண்ட பின்னர், எஞ்சும் சக்கையைக் குப்பையில் எறிந்துவிடுவது நமது கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். அச்சக்கையில் இருப்பது தேன்மெழுகாகும். ஒரு கிலோ மெழுகை உண்டாக்குவதற்குத் தேனீக்கள் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ வரை தேனை உட்கொள்ளுகின்றன. ஆதலின் எறியப்படும் சக்கை, தேனினும் அரிய பண்டம் என்பதை உணர்தல் வேண்டும்.

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, ஆம்பூர் முதலிய தோல் தொழில் வட்டாரங்களில், கையால் தோல் தைப்போர் நூலுக்கு மெழுகு பூசி இழுப்பதைக் கண்டிருப்போர் பலர். அதே மெழுகு வர்ணப் பொடியுடன் கூடி, நூற்றாண்டுகள் பல கடந்தும் நிலைத்து நிற்கும் சித்திரமாகக் கூடும் என்பதை அறிந்தவர் சிலரே. அம்முறையைக் கற்பதற்கு வேண்டிய செய்திகளும், அதற்குரிய மெழுகைத் தேனீக்களுக்குத் தீங்கின்றிப் பெறும் வகையும் இங்குக் கூறப்படுகின்றன.

வரலாறு

இம்முறையை மேனாட்டார் ‘என்காஸ்டிக்’ என்பர். ‘சுட்டுப் பதித்தல்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். எகிப்து தேசத்தில் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், இறந்தோரின் முகச் சாயலை மெல்லிய மரப்பலகையில் தீட்டி உடலுடன் சேர்த்து வைத்தனர். ஹவாரா என்னுமிடத்தில் 1888-ஆம் ஆண்டில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அத்தகைய பலகைகள் பலவற்றை அகழ்ந்தெடுத்தார். அவற்றுள் மெழுகால் தீட்டப்பட்டவை இன்றும் ஒளி குன்றாமல் காட்சிசாலைகளில் உள்ளன. மெழுகு நீரை ஏற்காது. காற்றிலும் எளிதில் கெடாது. அவற்றின் நீடித்த வாழ்வுக்கு இத்தன்மையும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்கு மெழுகு வேலை புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டி விக்கிரகத்தின் கருவைச் செய்து, பின்னர் அதை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்ப்பர். சோழமண்டலக் கரையிலிருந்து 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சென்ற வர்ணத் துணிகளில், நீலச் சாயம் ஏறக்கூடாத இடங்களுக்கு உருக்கிய மெழுகு பூசப்பட்டது. ஆயின் வார்ப்பிலும் சாயத்திலும் மெழுகு தன் வேலை முடிந்ததும் நீக்கப்படும். சுட்டுப் பதிக்கும் சித்திரத்திலோ மெழுகே வர்ணத்தைத் தாங்கி நிலைத்து நிற்கும்.

மெழுகு சேகரித்தல்

இரவில் தீப்பந்தம் பிடித்துக் கூட்டை எரித்துத் தேன் எடுப்பதனால் தேனீக்களும் மடியும், மெழுகும் கருகும். பூசணி, சுரை, பீர்க்கு முதலிய கொடிகளில் மகரந்தம் மாறுவதற்கும், தென்னை, மா முதலிய மரங்களில் காய்ப்புப் பெருகுவதற்கும் தேனீக்கள் துணை செய்கின்றன. ஒரு கூட்டை எரிப்பவர் தம் கொல்லையின் விளைவையும் அண்டை நிலத்தின் விளைவையும் சேர்த்தே குறைக்கின்றனர். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் பரவிய தாய்லாந்துப் புழுப்பை நோயினால் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்கள் பெரிதும் அழிந்தன. எஞ்சியவற்றைக் காப்பது அதனால் இன்னும் அவசியமாகிறது.

பெட்டியில் வளர்ப்பதே நல்வழி. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் சுமார் 1910-ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ப அமைத்த பெட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது. அத்தகைய பெட்டியில், தேன் நிறைந்த அறைகளை மூடியுள்ள மெல்லிய மெழுகை மட்டும் கத்தியால் சீவி எடுத்து, அடையைச் சுழற்றித் தேனை வடித்த பின் மீண்டும் பெட்டியிலேயே வைத்துவிடலாம். அவ்வாறு சீவிய மூடி மெழுகே வெளிறிய நிறமும் தூய்மையும் உடையது. சித்திரத்துக்கு மிக ஏற்றது. புழு வளர்ந்த பழைய அடைகள் கறுத்திருக்கும். அவற்றில் மெழுகும் சொற்பமே. புழுக்கள் உள்ள அடையை எக்காரணத்தாலும் வெட்டலாகாது.

சுத்தி செய்தல்

மெழுகை மழைநீரில் அலசித் தேன் பிசுக்கை நீக்கி, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் நீருடன் இட்டு மெல்லச் சூடாக்க வேண்டும். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். உப்பு நீர்க் கிணற்று நீரும் ஆகாது. மெழுகு 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். 85 டிகிரிக்கு மேற்பட்டால் நிறம் மங்கும். உருகியதைத் துணியில் வடிகட்டி, மூடி வைத்து மெதுவாக ஆறவிட்டால் மெழுகு மேலே கட்டியாகும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டி விடலாம்.

கடையில் வாங்குவோர் பாரபின் கலப்படத்தைக் குறித்து எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நல்ல தேன்மெழுகில் தேன் மணம் இருக்கும். கைச்சூட்டில் பிசைந்தால் உதிராமல் இளகும்.

வர்ணம் கூட்டுதல்

மெழுகு மட்டும் தனித்து மிருதுவாக இருக்குமாதலின், எடையளவில் 8 பங்கு மெழுகுக்கு 1 பங்கு வெள்ளைக் குங்கிலியம் பொடித்துச் சேர்ப்பது வழக்கம். இது படலத்துக்கு உறுதியும் பளபளப்பும் அளிக்கும். குங்கிலியம் கரைவதற்கு மெழுகைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகையால் வெப்பமானி கொண்டு, திறந்த வெளியில், புகை எழாதவாறு கிளறிக் கரைத்து, மரத்தூளை வடிகட்ட வேண்டும். புதிதாய்ப் பயில்வோர் தனி மெழுகிலேயே தொடங்குதல் நலம்.

காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக் கரி, துத்தநாக வெள்ளை ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மண் வர்ணங்களை நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே மிதக்கும் நுண்பொடியை மட்டும் வடித்து உலர்த்திக் கொள்ளுக. பொடியைச் சிறிது சிறிதாக மெழுகில் குழைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் படலம் உதிரும்.

தீட்டும் முறை

நன்கு உலர்ந்த, வளையாத மரப்பலகையே ஏற்றது. வச்சிரப் பசையில் சீமைச் சுண்ணாம்பு மாவைக் குழைத்து வெண்பூச்சிடலாம். வச்சிரம் தோல் கழிவிலிருந்து காய்ச்சப்படுவது. தோல் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. எண்ணெய் வர்ணமோ பிளாஸ்டிக் கலந்த வெள்ளையோ பூசிய பலகையில் மெழுகு ஊறாது, நாளடைவில் பெயர்ந்துவிடும்.

வர்ணங்களைச் சிறு தகரக் கிண்ணங்களில் இட்டு, மின்சாரச் சூட்டுத் தட்டின்மேல் 80 முதல் 90 டிகிரியில் வைத்துக் கொள்ள வேண்டும். தூரிகை மயிரால் ஆனதாக இருத்தல் வேண்டும், நைலான் சூட்டில் உருக்குலைந்துவிடும். தட்டிலிருந்து எடுத்த கணமே மெழுகு உறையத் தொடங்குமாதலின் கையோட்டம் விரைவாக இருத்தல் அவசியம்.

ஒவ்வொரு பூச்சையும் சூடுகாட்டிக் கீழ்ப்பூச்சுடன் இணைப்பதே இத்தொழிலின் உயிர்நாடி. வெப்பக் காற்றுக் கருவியையோ காய்ச்சிய இரும்பையோ அருகே கொண்டு சென்று, மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கியதும் உடனே விலக்க வேண்டும். விலக்கத் தாமதித்தால் கோடுகள் ஓடிக் கலந்துவிடும். சூடே காட்டாவிடில் பூச்சுக்கள் ஏடுஏடாகப் பெயரும். ஆதலின் மாணாக்கர் முதலில் சித்திரம் எழுத முற்படாமல், சிறு பலகைத் துண்டுகளில் ஒரே வர்ணத்தைப் பல முறை பூசியும் சுட்டும் இந்த ஒரு பக்குவத்தைக் கைப்படுத்துதல் வேண்டும்.

விலக்க வேண்டிய வர்ணங்கள்

அரிதாரத்தில் பாஷாணமும், ஈயச் செந்தூரத்தில் ஈயமும், குரோம் மஞ்சளில் ஈயத்துடன் குரோமியமும் உள்ளன. இவற்றின் பொடி மூச்சில் கலந்தால் உடலுக்குக் கேடு. கழுவிய நீர் நிலத்தில் சேர்ந்தால் கிணற்றுக்குக் கேடு. குரோமியத்தின் தீங்கைப் பாலாற்றுப் பாசனக் குடியானவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீரால் அவ்வட்டாரம் அடைந்த இன்னலைக் குறித்துச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தது. அந்த நஞ்சை அழகுக்காக வீட்டினுள் கொண்டுவருதல் தகாது.

உருகிய மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. தீ சிதறிப் பரவும். பாத்திரத்தை மூடியால் மூடி அணைக்க வேண்டும். அடுப்பின் நேர்த்தீயில் மெழுகை வைப்பதும் கூடாது.

பாதுகாப்பு

வேலூர், வாலாஜாபேட்டை வட்டாரங்களில் கோடையில் வெப்பம் 40 டிகிரிக்கு மேலும் ஏறும். அச்சூட்டில் மெழுகு உருகாவிடினும் இளகும். வெயில் படும் சுவரிலும் தகரக் கூரையின் கீழும் சித்திரத்தை மாட்டலாகாது. மேற்பரப்பில் வெண்மையாகப் பனி போலப் பூத்தால் அது கேடன்று. மெல்லிய துணியால் துடைக்க மறையும்.

ஒரு பெட்டியில் கிடைக்கும் மூடி மெழுகு சிறிதளவே. அதைக்கொண்டு பெரும் பொருள் ஈட்டலாமென எண்ணுதல் பிழை. ஆயின் ஓர் ஊரில் பலர் பெட்டி வைத்து மெழுகை ஓரிடத்தில் சேர்த்தால், பள்ளிச் சிறுவர் பலர் இக்கலையைப் பயில அது போதும். எஞ்சியதை அடை அஸ்திவாரத் தகடு செய்யவும் பயன்படுத்தலாம். ஊர்ப் பொதுமரங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் அடை கட்டினால் அதை எரிக்க இடங்கொடாமல், பயிற்சி பெற்றவரைக் கொண்டு அகற்றச் செய்வது கிராம அதிகாரிகளின் பொறுப்பாகும். கூடு பிழைத்தால் கொல்லையில் காயும் பெருகும், மறு பருவத்தில் மெழுகும் கிடைக்கும். கூடு அழிந்தால் இரண்டும் இல்லை.