வெயிலில் சோரும் யந்திரம்

கோடை நண்பகல். மின்விசிறிகளும் குளிர்சாதனங்களும் ஓயாது ஓடுகின்றன. மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் அந்த வேளையில்தான் வாயுச் சுழலி குறைவான மின்சாரம் தருகிறது! ஏன் இப்படி?

வாயுச் சுழலியில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. காற்றை உறிஞ்சி அழுத்துவது அமுக்கி. அக்காற்றில் எரிபொருள் எரியும் இடம் எரிகலம். எரிந்த வாயு பாய்ந்து சுழற்றுவது டர்பைன். டர்பைனின் ஆற்றல் முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை. 1939-ல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில் மின் உற்பத்திக்காக ஒரு சுழலி நிறுவப்பட்டது. அதன் டர்பைன் தந்தது 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை அமுக்கியே விழுங்கியது. மின்னாக்கிக்கு மிஞ்சியது 4,000 கிலோவாட்தான்!

அமுக்கி வினாடிதோறும் உறிஞ்சும் காற்றின் கன அளவு ஏறத்தாழ மாறுவதில்லை. ஆனால் சூடேறினால் காற்று விரியும், அடர்த்தி குறையும். கடல் மட்டத்தில் 15° செ. வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம்; 45° செ.-ல் ஏறக்குறைய 1.11 கிலோகிராமே. ஆகவே டர்பைனைச் சுழற்றும் வாயு குறைகிறது. அதோடு, சூடான காற்றை அழுத்த ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கூடுதல் ஆற்றல் வேண்டும். இவ்விரு இழப்புகளும் சேர்ந்து, 15° செ.-ல் 100 மெகாவாட் தரும் சுழலியை 45° செ.-ல் 80 மெகாவாட் அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் உங்கள் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அதுபோல, சுழலிக்குள் நுழையும் காற்றை ஈரத் திண்டுகளின் வழியே செலுத்தலாம். அல்லது அக்காற்றில் நீரை நுண்துளிகளாகத் தெளிக்கலாம். மிக வறண்ட 45° செ. காற்றை இவ்வாறு 25° செ. அருகே கொண்டுவர முடியும். ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்றில் இது அவ்வளவாகப் பலிக்காது. பாலைவனத்திலோ நன்னீரே அரிது.

சவூதி அரேபியாவின் ரியாத் நகரிலுள்ள 9-ஆம் மின் நிலையத்தில் வேறொரு வழியைக் கையாண்டனர். மின் தேவை குறைந்த இரவில் யந்திரங்களால் நீரைக் குளிரவைத்துப் பெரிய தொட்டியில் சேமித்தனர். பகலில் அந்நீர் குழாய்களில் ஓடி, சுழலிக்குச் செல்லும் காற்றைக் குளிர்விக்கும். நீர் ஆவியாகி வீணாவதில்லை. குளிர்விக்கும் செலவும் நண்பகலில் விழுவதில்லை.

இரவின் மின்சாரத்தைக் குளிர்ச்சியாகச் சேமித்துப் பகலில் திரும்பப் பெறும் இந்த உபாயம் எவ்வளவு எளியது, பார்த்தீர்களா?