முக்கோணத்தின் மூன்றாவது கோடு

நிலப்பரப்பில் மலேசியாவின் ஜொகூர் மாநிலம் சிங்கப்பூரைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். ஆனாலும் எந்தத் தொழில் எங்கே வரும் என்பதைப் பெரும்பாலும் அந்தச் சின்னத் தீவின் முதலீடே முடிவு செய்கிறது. 1989இல் சிங்கப்பூரின் அப்போதைய துணைப் பிரதமர் கோ சோக் தோங் முன்வைத்த வளர்ச்சி முக்கோணத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. சிங்கப்பூர் மூலதனம் தரும். ஜொகூரும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளும் நிலமும் ஆட்களும் தரும். ரியாவ் தீவுகளில் ஒன்றான பாத்தாமில் தொழிற்பேட்டை எழுந்தது, ஜொகூரில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. ஜொகூரையும் பாத்தாமையும் இணைக்க வேண்டிய மூன்றாவது கோடு மட்டும் மெலிந்தே கிடந்தது. இரண்டும் ஒரே முதலாளியின் கண்ணில் படப் போட்டியிட்டன. வலுத்த நாடு எல்லாரையும் தன்னோடு இணைத்துக்கொள்ளும். மற்றவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைப்பதில் அதற்கு என்ன லாபம்?

சிங்கப்பூர் இல்லாவிட்டால் இந்தத் தொழிற்சாலைகளே வந்திருக்காதே என்பார்கள். நியாயம்தான். 2025 ஜனவரியில் ஒப்பந்தமான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம், முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்மிக்க வேலைகள் என்று துணிந்து இலக்கு வைப்பதும் அந்த பலத்தில்தான். ஆனால் வருவது என்ன? 2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்ததும், அந்தத் தேவை பாலம் கடந்து கூலாயின் செடெனாக் பக்கம் வந்தது. கட்டி முடித்த தரவு மையத்துக்கு ஆட்கள் சொற்பம் போதும். மின்சாரம்தான் ஏராளமாக வேண்டும். ஆட்களோ எதிர்த்திசையில் போகிறார்கள். விடியுமுன்பே ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்கின்றன. 1973 வரை ஒன்றுக்கு ஒன்றாக மாறிய இரு வெள்ளிகளில் சிங்கப்பூர் வெள்ளி இன்று மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஜொகூர்த் தொழிற்சாலை பழக்கிவிட்ட ஆள் அக்கரையில் சம்பளம் வாங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வலுத்த நாடு மற்றவர்களையும் உயர்த்துவதற்கு ஐரோப்பாவில் ஜெர்மனி நல்ல முன்னோடி இல்லையா என்றும் கேட்கலாம். அங்கே பணக்கார நாடுகள் கட்டும் பணம் பொது நிதி வழியாக ஏழை வட்டாரங்களுக்குப் போகிறது. ஆசியானில் அந்த அளவில் ஒரு நிதி கிடையாது. ஆகவே ஜொகூருக்கு மிஞ்சுவது ஒப்பந்தத்தின் வாசகம்தான். சிங்கப்பூருக்கு ஜொகூர் தண்ணீர் விற்கும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 1,000 கேலனுக்கு 3 சென் என்ற விலையை 25 ஆண்டுக்குப் பின் மறுஆய்வு செய்ய வழி இருந்தது. 1987இல் மலேசியா கேட்கவில்லை. அந்த விலையே இன்றும் நிற்கிறது. மறுஆய்வு கேட்கும் உரிமை இன்னும் உண்டா என்ற வாதமும் தொடர்கிறது. புதிய மண்டலத்தில் தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 15 ஆண்டுவரை 5 விழுக்காட்டு வரிதான். அவை பாசிர் கூடாங், செனாய் வட்டாரச் சிறு பட்டறைகளிடம் எவ்வளவு வாங்குகின்றன, உள்ளூர் ஆட்களுக்கு என்ன சம்பளம் தருகின்றன என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் உரிமையை மாநிலம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தவணை வரும்போது மறக்காமல் கேட்கவும் வேண்டும்.